உலுக்கிப் பாருங்கள்!

உங்களிடம் துப்பாக்கி இல்லை. என்னிடமும் இல்லை. நம்மில் பெரும்பாலானவர்கள் அதை அருகில் பார்ப்பதே பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளியின் தோளில்தான். அப்படியிருக்க, துப்பாக்கி உறை தைப்பதைப் பற்றி எதற்கு ஒரு கட்டுரை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொஞ்சம் பொறுங்கள், விஷயம் இருக்கிறது.

அமெரிக்காவில் இது ஒரு பொழுதுபோக்கு. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமையானால் சிலர் ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள் அல்லவா? அது மாதிரி அங்கே சிலர் கார் ஷெட்டில் தோலும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்துவிடுகிறார்கள். இடுப்பில் மாட்டிக்கொள்ளும் துப்பாக்கி உறையை, அதாவது ஹோல்ஸ்டரை, தங்கள் கையாலேயே தைத்துக்கொள்கிறார்கள். அதற்கென்றே கருவிகள், வெட்டிய தோல் துண்டுகள், அளவுப் படங்கள் போட்ட புத்தகங்கள் எல்லாம் கடையில் கிடைக்கின்றன. ஜான் பியாங்கி என்ற கலிஃபோர்னியா போலீஸ்காரர் 1950களில் சக போலீஸ்காரர்களுக்காக வீட்டில் உறை தைக்க ஆரம்பித்தார். பிற்பாடு அது ஊரறிந்த கம்பெனியே ஆகிவிட்டது.

சட்டமும் அங்கே வேறு மாதிரி. இங்கே 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும். அங்கே 1791-லேயே அரசியல் சட்டத்தில் ஆயுத உரிமையைச் சேர்த்துவிட்டார்கள். வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிமனித உரிமை என்று 2008-லும், அதை வெளியே எடுத்துப்போவதும் உரிமைதான் என்று 2022-லும் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, துப்பாக்கி இடுப்புக்கு வந்தாயிற்று. இடுப்புக்கு வந்தால் உறை வேண்டும்.

அது சரியா தவறா என்பது பெரிய சண்டை. அதற்குள் இன்று போகவில்லை. எனக்கு ஒரே ஒரு மனிதர்தான் வேண்டும். டெக்சாஸ் பக்கம் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு உறை தைக்கிறார். நல்லவர். வரி ஒழுங்காகக் கட்டுபவர். யாரையும் சுட்டதில்லை. அவர் செய்வது வெறும் தையல் வேலையா? அல்லது அந்தத் தையலில் தர்மம், அதர்மம் என்று ஏதாவது இருக்கிறதா?

அதற்கு முதலில் அவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

முதல் வேலை தோலில் இல்லை. துப்பாக்கியில் குண்டு இல்லை என்று பார்ப்பது. பார்த்துவிட்டு மறுபடியும் பார்ப்பது. கெட்டிக்காரர்கள் நிஜத் துப்பாக்கியை மேஜைக்கே கொண்டுவருவதில்லை. அதே அளவில் வார்த்த நீல நிற பிளாஸ்டிக் பொம்மை விற்கிறது. அதை வைத்துத்தான் எல்லா வேலையும்.

அடுத்தது தோல். எந்தத் தோலும் ஆகாது. குரோமியம் உப்பில் பதனிட்ட தோல் மெத்தென்று இருக்கும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் அந்த உப்பு நாளடைவில் இரும்பை அரிக்கும். நனைத்து வடிவம் கொடுத்தாலும் நிற்காது. மரப்பட்டையில் பல நாள் ஊறப்போட்டுப் பதனிட்ட தோல்தான் வேண்டும். நம் திருச்சி, திண்டுக்கல் பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவார்களே, அந்த ஜாதி. கனம் சுமார் 3 மில்லிமீட்டர்.

அட்டையில் வடிவம் வரைந்து தோலை வெட்டி, ஓரத்தில் கோடு இழுத்து, குத்தூசியால் ஒவ்வொரு துளையாகப் போடுகிறார். பிறகு தையல். ஒரே நூல், இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராக நுழைந்து வெளியே வரவேண்டும். மெஷின் தையலில் ஓர் இடத்தில் நூல் அறுந்தால் பக்கத்துத் தையலும் தளர ஆரம்பித்துவிடும். இதில் ஒரு தையல் தேய்ந்து போனாலும் மற்றவை விடாமல் பிடித்திருக்கும்.

தைத்து முடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் முக்குகிறார். பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பொம்மையை உள்ளே செருகி, வழவழப்பான எலும்புத் துண்டால் தோலை அழுத்தி அழுத்தி, துப்பாக்கியின் ஒவ்வொரு வளைவும் வெளியே தெரியும்படி செய்கிறார். ஒரு நாள் முழுக்கக் காயவேண்டும். காய்ந்தால் தோல் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். வீட்டு மூலையில் கிடக்கும் பழைய செருப்பு, எடுத்து மாட்டினால் உங்கள் காலை அடையாளம் கண்டுகொள்கிறதே, அந்த மாதிரி.

இப்போது இரண்டு பரீட்சை. காலியான துப்பாக்கியைச் செருகி, உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து உலுக்க வேண்டும். விழக்கூடாது. அடுத்து, நேராக்கி ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். மாட்டிக்கொள்ளக் கூடாது.

மொத்த விஷயமும் இந்த இரண்டு பரீட்சைக்கு நடுவில்தான் இருக்கிறது. பிடித்துக்கொள்ள வேண்டும்; விட்டும் கொடுக்க வேண்டும். தோலை இறுக்கமாக அழுத்தினால் முதல் பரீட்சையில் பாஸ், இரண்டாவதில் ஃபெயில். தளர்த்தினால் நேரெதிர். எங்கே நிறுத்துவது? புத்தகத்தில் அளவு இருக்கிறது. ஆனால் கடைசி அழுத்தத்தைத் தருவது புத்தகம் இல்லை, கட்டை விரல். அந்த விரலுக்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. ‘எனக்கு எது பெரிய பயம்? வேண்டிய நேரத்தில் வராத துப்பாக்கியா? வேண்டாத நேரத்தில் வந்துவிடும் துப்பாக்கியா?’

இந்தக் கேள்விக்குக் காலத்துக்குக் காலம் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறார்கள். 19-ம் நூற்றாண்டு அமெரிக்கக் குதிரைப்படைக்காரரின் உறை, துப்பாக்கியை முழுக்க மூடும் பெரிய மடிப்போடு இருந்தது. குதிரை துள்ளும், மழை பெய்யும், புழுதி பறக்கும். துப்பாக்கி விழாமல், நனையாமல் இருப்பதுதான் அன்றைய முதல் கவலை. பொத்தானைக் கழற்றி, மடிப்பைத் தூக்கி, அப்புறம்தான் எடுக்க முடியும்.

இங்கே நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. சாம் பிரவுன் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1824-ல் கல்கத்தா பக்கத்தில் பாரக்பூரில் பிறந்தவர். 1858-ல், சிப்பாய்க் கிளர்ச்சியை அடக்கும் சண்டையில் இடது கையை இழந்தார். வாளை உருவ வலது கை இருக்கிறது. உறையை அசையாமல் பிடித்துக்கொள்ள இடது கை வேண்டுமே! தோளின் குறுக்கே போகும் ஒரு வாரோடு தனக்கென்று ஒரு பெல்ட்டை அமைத்துக்கொண்டார். அவர் பெயரிலேயே உலகத்து ராணுவங்களெல்லாம் அதை எடுத்துக்கொண்டன. நம் போலீஸ் உயர் அதிகாரிகள் அணிவகுப்பில் மார்பின் குறுக்கே போட்டுக்கொள்ளும் பளபள வார் அந்தப் பரம்பரைதான். அந்தக் கைக்கு எதிரே நின்றவர்கள் நம்மவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். உறை எவ்வளவு புத்திசாலித்தனமானது என்பது ஒரு கேள்வி. அதிலிருந்து உருவியது யார்மேல் பாய்ந்தது என்பது வேறு கேள்வி.

அப்புறம் வந்தது சினிமா. கௌபாய் படங்களில் ஹீரோ கண் சிமிட்டுவதற்குள் சுடவேண்டுமே! மடிப்பு போட்ட உறை எப்படிச் சரிப்படும்? தொடைக்குத் தாழ்வாக, வாய் திறந்த, உள்ளே உலோகத் தகடு வைத்த உறைகள் 1950களில் ஹாலிவுட்டுக்காகத் தயாரானது அப்படித்தான். டி.வி. பார்த்த ஜனங்களுக்கும் வேகப் பைத்தியம் பிடித்தது. கண்ணாடி முன் நின்று பழகினார்கள். வேகமாக உருவப்போய்த் தங்கள் காலையே சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. எதிரி இல்லாத சண்டையில் காயம்!

போலீஸ் உறை மறுபடியும் எதிர்ப் பக்கம் போயிற்று. கட்டிப் புரளும்போது குற்றவாளி போலீஸ்காரரின் துப்பாக்கியையே பிடுங்கிச் சுட்ட சம்பவங்கள் நடந்தன. எனவே பூட்டு, கொக்கி, கட்டை விரலால் விடுவிக்கும் பட்டை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. உரியவருக்குத் திறக்கவேண்டும், மற்றவருக்குத் திறக்கக்கூடாது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

சரி, தர்மக் கேள்விக்கு வருவோம்.

“இதென்ன சார் பெரிய கேள்வி? உறை யாரையும் கொல்லாது. துப்பாக்கியே தானாகக் கொல்லாது, மனுஷன்தான் கொல்றான்” என்பது ஒரு கட்சி. “அந்தச் சனியனைத் தொட்ட எல்லாமே பாவம். உறை என்ன, குண்டு என்ன?” என்பது எதிர்க்கட்சி. இரண்டுமே சோம்பேறித்தனமான பதில்கள் என்று எனக்குப் படுகிறது. முதல் பதில் எல்லோரையும் விடுதலை செய்கிறது. இரண்டாவது பதில் எல்லோரையும் உள்ளே தள்ளுகிறது. இரண்டிலுமே யோசிக்கும் வேலை மிச்சம்.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இங்கே ஆடம் ஸ்மித் ஞாபகத்துக்கு வருகிறார். 1776-ல் வந்த தன் புத்தகத்தை அவர் ஒரு குண்டூசியில் ஆரம்பிக்கிறார். ஒரு குண்டூசி செய்வதில் சுமார் 18 வேலைகள். ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்தால் நாளைக்கு இருபது ஊசி தேறுவதுகூட சந்தேகம். பத்துப் பேர் பிரித்துக்கொண்டு செய்தால் 48,000 ஊசி! பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்யாத காமர்ஸ் மாணவர் இருக்க முடியாது. ஆனால் பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்று உண்டு. வேலையைப் பிரித்தால் பொறுப்பும் பிரிந்துவிடுகிறது. கம்பியை இழுத்தவரிடம் போய், “உங்கள் ஊசி குழந்தையின் காலில் குத்திவிட்டது” என்றால் என்ன சொல்வார்? “நான் கம்பி மட்டும்தான் இழுத்தேன்.” கூர் தீட்டியவர்? “வந்ததைத் தீட்டினேன்.” விற்றவர்? “கேட்டார்கள், கொடுத்தேன்.” 48,000 ஊசி இருக்கிறது. பதில் சொல்ல ஓர் ஆள் இல்லை.

நம் ஆபீஸ்கள், பேங்குகள், பத்திரிகைகள், எல்லாமே இந்தக் குண்டூசி ஃபாக்டரிதான். “என் டேபிளுக்கு வந்தது, கையெழுத்துப் போட்டேன்.”

கார் ஷெட்டில் உட்கார்ந்திருக்கும் நம் டெக்சாஸ்காரர் இந்த வசதியை இழந்துவிட்டார். வடிவமைத்தவர் அவர். தைத்தவர் அவர். மாட்டிக்கொள்பவரும் அவர். நாளைக்கு ஏதாவது ஆனால், “கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்” என்று சொல்ல முடியாது. கையால் செய்வதன் பெருமையாக எல்லோரும் அழகைச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய விஷயம் எனக்கு இதுதான். சாக்குச் சொல்லும் உரிமையைத் தானாகவே விட்டுக்கொடுத்துவிடுகிறார். கடையில் உறை வாங்குபவருக்கு யோசிக்கப் பத்து நிமிஷம் கிடைக்கலாம். இவருக்குப் பல ராத்திரிகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு துளை போடும்போதும், இதற்குள் என்ன இருக்கப் போகிறது என்பது ஞாபகம் வந்துகொண்டே இருக்கும்.

அப்படியானால் வீட்டில் தைப்பவர் புண்ணியவான் என்று முடித்துவிடலாமா? அவசரப்படாதீர்கள்.

தோல் சாகாவரம் பெற்றதில்லை. வருஷக்கணக்கில் வியர்வை பட்டு, உட்கார்ந்து எழுந்து, மடங்கி நிமிர்ந்து, உறையின் வாய் தொளதொளவென்று ஆகிவிடும். நல்ல உறைக்கு வாய்ப் பக்கத்தில் இன்னொரு தோல் பட்டையை வைத்துத் தைப்பது அதற்காகத்தான். துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது வாய் மூடிக்கொள்ளக்கூடாது. தளர்ந்த தோலில் ஒரு மடிப்பு விழுந்து, துப்பாக்கியைச் செருகும்போது அந்த மடிப்பு விசைக்கு முன்னால் நுழைந்துவிட்டால்? விரல் செய்யும் வேலையைத் தோல் செய்துவிடும். கற்பனை இல்லை. அமெரிக்காவில் நடந்தே இருக்கிறது. யாரும் விசையைத் தொடவில்லை. வெடித்தது. எந்த உறை விசையை மறைத்துக் காக்கவேண்டுமோ, அதுவே விசையை இழுத்தது!

இதைப் படித்தபோது எனக்கு உறைத்தது. ஆபத்துக்குக் காவல் போட்டுவிட்டோம் என்ற நிம்மதி இருக்கிறதே, அது ஆபத்தைவிட ஆபத்து. காவல் என்பது ஒருமுறை தைத்து மாட்டிவிட்டு மறந்துபோகும் பொருள் இல்லை. ஸ்டிராப் அறுந்த ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறோமே, போலீஸ்காரருக்கு அது ஹெல்மெட். தார் ரோட்டுக்கு அது தொப்பி.

இன்னொன்று, இதைவிடக் கனமானது.

நம் டெக்சாஸ்காரர் உறையைத் தைக்கும்போது மனதில் யார் வருகிறார்கள்? ராத்திரி நேரத்துத் திருடன். பெட்ரோல் பங்க்கில் வழிமறிக்கும் முரடன். துப்பாக்கியைப் பிடுங்க வரும் முகம் தெரியாத கை. எல்லாமே அந்நியர்கள். ஆனால் அந்த நாட்டு அரசாங்கக் கணக்கு வேறு கதை சொல்கிறது. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை. பாதிக்கும் மேலே. அந்தத் துப்பாக்கிகளை எடுத்தது முரடனின் கை இல்லை, தன் கை.

எவ்வளவு அருமையான உறையாக இருந்தாலும் இந்த ஒரு கையைத் தடுக்காது. தடுக்கக்கூடாது என்றுதானே அளவெடுத்துச் செய்தார்! சொந்தக்காரரின் கைக்கு ஒரே இழுப்பில் வரவேண்டும் என்பதுதானே இரண்டாவது பரீட்சை! அந்தக் கைக்குச் சொந்தக்காரர் இன்று தெளிவாக இருக்கிறாரா, வேலை போன ராத்திரியா, மனைவி பிரிந்த வாரமா, எதுவும் தோலுக்குத் தெரியாது.

இங்கே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்கிற அந்தக் கொடூரமான வேகம் பல பேருக்குக் கொஞ்ச நேரமே நிற்கிறது. அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் பிழைத்துவிடுகிறார்கள். முயற்சி செய்து பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் சாவதில்லை. ஆகவே கைக்கும் ஆயுதத்துக்கும் நடுவே ஒரு பூட்டு, ஒரு படிக்கட்டு, சாவியை வைத்திருக்கும் ஒரு நண்பர், எது இருந்தாலும் அது உயிர். துப்பாக்கியோ தாமதம் தராது. இரண்டாவது வாய்ப்பும் அநேகமாகத் தராது.

எனவே உறை தைப்பவருக்கு என் பதில் இதுதான். உறை நடுநிலையான பொருள் இல்லை. அது கைக்குள் அடங்கும் ஒரு தீர்மானம். எதைத் தடுப்பது, யாருக்கு விட்டுக்கொடுப்பது என்று ஒவ்வொரு தையலிலும் முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த முடிவைப் பொறுப்போடு செய்திருந்தால் பாதி தர்மம் முடிந்தது. மீதிப் பாதி தையலில் இல்லை. எந்த நாளில், எந்த மனநிலையில் இதைக் கழற்றி இரும்புப் பெட்டியில் பூட்டி, சாவியை யாரிடம் கொடுப்பேன் என்பதில் இருக்கிறது. அதைத் தீர்மானிக்காதவர் அந்நியர்களுக்கு எதிராக மட்டும் உறை தைத்திருக்கிறார். தனக்கு எதிராகத் தைக்கவில்லை.

கைவேலையில் ஒரு மயக்கம் உண்டு. ஓரம் தேய்த்து, எண்ணெய் போட்டு, தையல் ஒரு கோடு போல ஓடுவதைப் பார்க்கும்போது மனசு நிறைந்துவிடும். இவ்வளவு கவனமாகச் செய்த நான் கவனமான மனிதன்தானே என்று தோன்றும். பொருள் மேல் காட்டிய அக்கறை வேறு, மனிதர்கள் மேல் காட்டவேண்டிய அக்கறை வேறு. ஒன்று இன்னொன்றுக்கு ரசீது ஆகாது.

நம்மிடம் துப்பாக்கி இல்லை என்று ஆரம்பித்தேன். வேறு சில சாமான்கள் இருக்கின்றன. கோபம் இருக்கிறது. அதிகாரம் கொஞ்சம் இருக்கிறது, மகனிடமாவது, வேலைக்கு வரும் அம்மாவிடமாவது. என்னிடம் பேனா இருக்கிறது. ஒரு தலைப்பு போட்டால் ஒரு குடும்பம் தெருவில் தலை காட்ட முடியாமல் போகலாம். எல்லோரும் அதற்கு உறையும் போட்டிருக்கிறோம். படிப்பு, பழக்கம், பயபக்தி, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிற கூச்சம். “நான் எப்பவும் கன்ட்ரோலாத்தான் இருப்பேன்” என்கிறோம். எப்போது தைத்த உறை அது? கல்யாணமான புதிதில் தைத்ததா? வாய்ப் பக்கம் இன்னும் விறைப்பாக இருக்கிறதா, மடிப்பு விழுந்துவிட்டதா?

அடுத்தவர் கவிழ்த்து உலுக்கும்வரை காத்திருக்க வேண்டாம். துப்பாக்கி காலியாக இருக்கும்போதே, கோபமே இல்லாத ஒரு சாயங்காலத்தில், நீங்களே ஒருமுறை கவிழ்த்து உலுக்கிப் பார்த்துவிடுங்கள்.